மேட்டுக் கல்லூரியும் கீழே ஒரு ஜன்னலும்

மார்ச் 4

அன்புள்ள கண்டக்டருக்கு,

டிரைவர் எழுதிக்கொண்டது. முதலில், உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஜெயில் அலுவலக ஐயாவுக்கு வணக்கம். ஐயா, இது காலேஜ் விஷயம், சுவரேறிக் குதிக்கிற விஷயம் இல்லை. நிதானமாகப் படியுங்கள். அங்கங்கே மை இழுபட்டிருந்தால் அது ரகசியக் குறியும் இல்லை. நான் இடது கைக்காரன், எழுதினதை என் கையே துடைத்துக்கொண்டு போகும்.

இரண்டு காலேஜிலும் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அத்தை எழுதியிருந்தாள். நான் அதை மூன்று முறை படித்தேன். நம் குடும்பத்தில் ஒரு காலேஜ் கூப்பிட்டாலே அது அட்ரஸ் மாறி வந்த தபால் என்று திருப்பி அனுப்பியிருப்போம். உன்னை இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள். நான் பத்தாவதைத் தாண்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, உண்மையில் நான் தாண்டவில்லை, அதுதான் பாவம் பார்த்து என்னைத் தாண்டிப் போனது.

எங்கள் பிளாக்கில் விஷயத்தைச் சொன்னேன். ஆளாளுக்கு ஆலோசனை. அதில் பெரிய ஆள் பக்கத்துப் படுக்கைக்காரன். பெயர் பட்டதாரி. எந்தக் காலேஜிலும் படித்தவன் இல்லை, பட்டச் சான்றிதழ் அச்சடித்து விற்று உள்ளே வந்தவன். ஆனால் காலேஜைப் பற்றி அவனைப் போல் அக்கறையாகப் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

“அண்ணே, அந்தப் பெரிய காலேஜ் முத்திரை இருக்கே, அதைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு மழைக்காலமே போச்சு. தாளைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா உள்ள ஒரு மணிக்கூண்டு தெரியும். அதுல முள்ளு வேற இருக்கும். அதுதாண்ணே காலேஜ்!”

“அப்ப அந்த மேட்டுக் காலேஜ்?”

“அதுவா? பென்சில் அழிக்கிற ரப்பர்ல பிளேடு வச்சு வெட்டிடலாம். பிள்ளையைக் கெடுத்துடாதீங்க.”

எனக்கு இது சரியான அளவுகோலாகத்தான் படுகிறது. போலி பண்ணவே கஷ்டமான இடம் நல்ல இடமாகத்தான் இருக்கணும். ஆகவே பெரிய காலேஜ். மேட்டுக் காலேஜ் எனக்குப் பக்கத்தில் என்று அத்தை தன் கடிதத்தில் அடிக்கோடு போட்டிருந்தாள். அந்த அடிக்கோட்டை நீ பார்க்காதே.

விடுதி வாழ்க்கையில் சந்தேகம் இருந்தால் மட்டும் என்னைக் கேள். மூன்று வருஷ அனுபவம். சோப்பைக் கண்ணில் படும்படி வைக்காதே. சாப்பாட்டு வரிசையில் முதலிலும் நிற்காதே, கடைசியிலும் நிற்காதே. ராத்திரி அழுகிறவர்களைப் பார்த்து ஏன் என்று கேட்காதே, தண்ணீர் மட்டும் கொடு.

டிரைவர்
(உன் அப்பா)

*

மார்ச் 15

அன்புள்ள அப்பா,

முத்திரையை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பட்டதாரி மாமாவிடம் நான் சிரித்தேன் என்று சொல்லுங்கள். இனி நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

அத்தையும் நானும் இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பெரிய கல்லூரியில் நூலகம் மூன்று மாடி. அதை மறுக்கவில்லை. ஒரு வகுப்பில் பின்னால் உட்கார அனுமதித்தார்கள். சரித்திர வகுப்பு. ஆசிரியர் மைக் வைத்துச் சொல்லச் சொல்ல எல்லோரும் குனிந்து எழுதினார்கள். முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “கேள்வி எப்பக் கேப்பீங்க?” என்றேன். “கேள்வியா? அது பரீட்சையில அவங்க கேப்பாங்க” என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. பிறகு நேர்முகத்தில் அப்பா என்ன செய்கிறார் என்றார்கள். வெளியூரில் வேலை என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்தது என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை.

மேட்டுக் கல்லூரி பழைய கட்டடம். நாற்காலிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதும் பேசினார்கள். ஒருவர் செய்த தப்புக்குத் தண்டனை கொடுத்தால் அது யாருக்காக, செத்தவர்களுக்கா, இருப்பவர்களுக்கா என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. ஒரு பையன் ஒன்று கேட்டான். அந்த அம்மா, ஆசிரியை, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, “தெரியலையேப்பா. நாளைக்கும் இதையே வச்சுக்கலாமா?” என்றார். அப்பா, வாத்தியார் ஒருவர் தெரியலை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சரித்திரம், தத்துவம், இலக்கியம் மூன்றையும் அங்கே சேர்த்துப் படிக்கலாம். வேலைக்கு என்ன உத்தரவாதம் என்று அத்தை கேட்டாள். உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அங்கேயும் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். முழுவதும் சொன்னேன், அந்தத் திருப்பம், கவிழ்ந்த பேருந்து, அதில் இருந்தவர்கள், எல்லாம். ஆசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “சனிக்கிழமை மத்தியானம் பார்க்க விடுவாங்க இல்ல? அப்ப நாங்க வகுப்பு வைக்கிறதில்ல. இங்க நிறைய வீட்டுல கீழ ஜெயில்ல வேலை பாக்கறவங்க உண்டு, கீழ இருக்கறவங்களும் உண்டு” என்றார்.

எனக்கு மேட்டுக் கல்லூரிதான் பிடித்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருப்பதால் இல்லை. நீங்கள் நிலாவில் இருந்தாலும் அதுதான். இதை நம்புங்கள்.

உங்கள் மகள்

*

மார்ச் 23

அன்புள்ள கண்டக்டருக்கு,

நிலாவில் ஜெயில் கட்டினால் முதல் ஆளாக என்னைத்தான் அனுப்புவார்கள். அது இருக்கட்டும்.

நீ பொய் சொல்கிறாய் என்று சொல்ல மாட்டேன். நீ நல்ல பிள்ளை, அதனால் உனக்கே தெரியாமல் சொல்கிறாய். உன் அம்மா இறந்துபோன வருஷம், இருந்த ஒரு முட்டையை என் தட்டில் தள்ளிவிட்டு, “எனக்கு முட்டைன்னாலே ஆகாதுப்பா” என்றாய். நானும் மடையன் மாதிரி நம்பி வருஷக்கணக்காக உனக்கு முட்டை வாங்காமல் இருந்தேன். அத்தை வீட்டுக்குப் போனதும் முதல் நாளே மூன்று முட்டை தின்றாயாம். அப்போதும் இதே முகம்தான் வைத்திருப்பாய், “இதை நம்புங்கள்” என்று.

நான் படுக்கிற இடத்துக்கு மேலே ஒரு ஜன்னல். அதில் ஒரு மேடு தெரியும், உச்சியில் நீளமாக ஒரு கட்டடம். மூன்று வருஷமாக அதை ஆஸ்பத்திரி என்றே நினைத்திருந்தேன். சாயங்காலம் விளக்குப் போடுவார்கள். பாவம், யாருக்கு என்ன நோவோ என்று பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். அதுதான் உன் காலேஜாம், பட்டதாரி சொன்னான். அன்றைக்கு ராத்திரி என்னால் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியவில்லை. நீ அங்கே இருந்து குனிந்தால் என் தலை தெரியும். ஒரு பிள்ளை படிக்கப் போகிற இடத்தில் ஜன்னலைத் திறந்தால் அப்பன் ஜெயில் தெரியலாமா?

நம் தொழிலில் சொல்வதென்றால் மேட்டுக் காலேஜ் எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற வண்டி. பெரிய காலேஜ் எக்ஸ்பிரஸ். நீ எக்ஸ்பிரஸில் ஏறு. பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றால், சொல். வெளியூரில் வேலை என்பது பொய்யே இல்லை. எனக்குக் காய்கறி நறுக்குகிற வேலை, ஊர் வெளியூர்தான்.

பெரிய காலேஜுக்கே போ. நான் சொல்கிறேன்.

அப்பா

*

ஏப்ரல் 12

அப்பா,

சனிக்கிழமை வந்தேன். நீங்கள் வரவில்லை.

ராத்திரி பஸ் பிடித்து, தனியாக, காலையிலிருந்து அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி. காவலர் வந்து, “உங்கப்பாவுக்குக் காய்ச்சலாம்மா, அடுத்த மாசம் வாங்க” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. பக்கத்து நாற்காலியில் பட்டதாரி மாமா அவருடைய அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். போலிச் சான்றிதழ் அடிக்கத் தெரிந்தவருக்குப் போலி முகம் வைக்கத் தெரியவில்லை.

என்னைப் பழக்கவா? வந்து வந்து காலி நாற்காலியைப் பார்த்தால் மேட்டுக் கல்லூரி ஆசை போய்விடும் என்றா?

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை டிரிப்பில் என்னை முன் சீட்டில் உட்காரவைத்து கண்டக்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிவிடுவீர்கள். ஒரு விசில் அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் கிளம்பணும். படியில் ஒரு ஆள் ஏறாமல் நின்றால்கூட, “கண்டக்டர் இன்னும் விசில் குடுக்கல, நான் எடுக்க மாட்டேன்” என்று ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பீர்கள். பெரியவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். என் பேச்சுக்கு ஒரு பஸ்ஸே காத்திருந்த காலம் அது.

இப்போது நான் சொல்வது உங்கள் காதில் விழவே இல்லை. உங்களுக்காகத் தியாகம் செய்கிற பிள்ளை வேண்டும், அதைத் தடுக்கிற அப்பாவாக நீங்கள் இருக்க வேண்டும். எனக்கு ஒரு கல்லூரி பிடித்திருக்கிறது என்கிற சின்ன விஷயம் அந்தக் கதையில் நுழைய இடம் இல்லை.

முட்டை விஷயம் உண்மைதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது இல்லை.

இனி முடிவு செய்த பிறகுதான் எழுதுவேன்.

*

மே 2

அன்புள்ள கண்டக்டருக்கு,

உறையின் மேலே முத்திரையைப் பார்த்திருப்பாய். ஆமாம், வேறு இடம். வேறு சிறை.

நானாகக் கேட்டு வாங்கியது. இங்கே வர யாரும் மனுப் போடுவதில்லையாம், கல் உடைக்கிற இடம். பழைய இடத்துக் கண்காணிப்பாளர் என் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். “ஏம்ப்பா, தப்பா எழுதிட்டியா? அங்கேயிருந்து இங்கே வரத்தானே எல்லாரும் எழுதுவாங்க?” என்றார். “சரியாத்தாங்க எழுதியிருக்கேன், காத்து மாறினா நல்லதுன்னு டாக்டர் சொன்னார்” என்றேன். எந்த டாக்டர் என்று அவரும் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. என் வாழ்க்கையிலேயே நான் கேட்டு உடனே கிடைத்த ஒரே பொருள் இதுதான்.

நீ வந்த அன்று மனுப் போட்டாகிவிட்டது. உன் முகத்தைப் பார்த்தால் ஓடிப்போய் அதைத் திரும்ப வாங்கிவிடுவேன். அதனால்தான் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லைதான்.

இப்போது கணக்கு நேராகிவிட்டது. மேட்டில் உனக்கு வேலை இல்லை. அந்த ஜன்னலில் நான் இல்லை. இந்த இடம் இரண்டு காலேஜுக்குமே எட்டாத தூரம், அதனால் எந்தக் காலேஜும் உன் அப்பனுக்குப் பக்கத்துக் காலேஜ் கிடையாது. நிம்மதியாகப் பெரிய காலேஜுக்குப் போ. மூன்று மாடியிலும் ஏறு.

இங்கே கடிதம் தலைமை அலுவலகம் போய்ச் சுற்றித்தான் வெளியே போகுமாம். தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. ஏற்கெனவே இருக்கிற கோபமே போதும்.

அப்பா

*

ஜூன் 20
மேட்டுக் கல்லூரி விடுதி

அப்பா,

நீங்கள் மே மாதம் எழுதியது நேற்றுதான் கையில் கிடைத்தது. அத்தை வீட்டுக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தது. அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன், நீங்கள் படித்தே ஆக வேண்டும்.

மே மாதமே நான் இங்கே சேர்ந்துவிட்டேன். உங்களுக்கு எழுதவில்லை. கோபம் இருந்தது, அது ஆறிய பிறகு, எழுதுவானேன், நேரில் போய்ச் சொல்லலாம் என்று ஒரு ஆசை வந்தது. வகுப்புத் தொடங்கிய முதல் சனிக்கிழமை மதியம், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து நடந்தே இறங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்ததும் ஒன்றும் பேசாமல் அட்டையை மட்டும் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். நீங்கள் என்ன கிண்டல் செய்வீர்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ரப்பர் முத்திரை என்று சொல்லியிருப்பீர்கள்.

வாசலில் இருந்தவர் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே வரை விரலால் பார்த்தார். மறுபடி பார்த்தார். “அவரு இங்க இல்லையேம்மா. மாத்தலாகிப் போயி ரொம்ப நாளாச்சே. வீட்டுக்குச் சொல்லலையா?” என்றார். என் அட்டையைப் பார்த்துவிட்டு அவரே, “மேல படிக்கிற பிள்ளையா? மேட்டுல ஏறணுமே, தண்ணி குடிச்சிட்டுப் போம்மா” என்றார்.

அப்பா, உங்கள் கடிதம் சேருவதற்கு முன்பே வந்திருந்தாலும் நான் இங்கேதான் சேர்ந்திருப்பேன். எனக்கு இந்த வகுப்பு பிடித்திருக்கிறது. அந்த ஒரே பக்கத்தை இன்னும் முடிக்கவில்லை. போன வாரம் நான் ஒன்று சொன்னேன், ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதினார், இன்னும் அழிக்காமல் இருக்கிறது. இங்கே நான் யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. எனக்கேற்ற இடம் இது. நான் மார்ச் மாதமே எழுதியது அத்தனையும் எழுத்துக்கு எழுத்து நிஜம்.

ஆக, நான் சரியான கல்லூரியில் இருக்கிறேன். நீங்கள் தப்பான சிறையில் இருக்கிறீர்கள்.

வகுப்பில் என் இடம் ஜன்னலோரம். கீழே உங்கள் பிளாக் தெரிகிறது. மாலையில் மணி அடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது.

உடனே திரும்பி வர மனுப் போடுங்கள்.

*

ஜூலை 6

அன்புள்ள மகளுக்கு,

மனுப் போடப் போனேன். இங்கே எழுத்தர் நல்ல மனிதர், நாற்காலி கொடுத்தார். ஒரு கைதி தானே கேட்டு மாற்றல் வாங்கினால் மறுபடி கேட்க மூன்று வருஷம் ஆகணுமாம். “ஏங்க, அந்த விதியை அங்கேயே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கே” என்று எடுத்துக் காட்டினார். இருந்தது. என் கையெழுத்துக்கு நேர் மேலே. நான்தான் அதன்மேல் மையை இழுத்து வைத்திருந்தேன்.

மூன்று வருஷம். நீ படித்து முடித்து இறங்குகிற அன்றைக்குத்தான் நான் மேட்டடிக்கு வர மனுவே எழுதலாம். இதைவிடக் கச்சிதமாக யாராலும் திட்டம் போட முடியாது. பட்டதாரி இருந்தால், “அண்ணே, இதைப் போலி பண்ணவே முடியாது” என்பான்.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. பிள்ளை எனக்காகத்தான் அந்த இடம் பிடித்திருக்கிறது என்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க நான் யார், அவ்வளவு பெரிய சரக்கா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். கண்டக்டர் நீ ஒரே ஒரு விசில் அடித்து நிற்கச் சொன்னாய். நான் வண்டியை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

இங்கே இருந்து பார்த்தால் மேடு எதுவும் தெரியாது. கல்லும், கல்லை உடைத்த தூளும். நெஞ்சில் கொஞ்சம் இருமல், பயப்படாதே, எல்லோருக்கும் இருக்கிறது. பார்வையாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நீ வர வேண்டாம். இதை மட்டும் நான் தியாகத்துக்காகச் சொல்லவில்லை. வருகிற வழியில் மலைப் பாதை இருக்கிறது, நிறையத் திருப்பம். அந்த வண்டியில் நீ உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். இங்கிருந்து ஒரு காவலர் மாற்றலாகி உன் மேட்டடிச் சிறைக்குப் போகிறார். என் பழைய படுக்கையில் இப்போது பட்டதாரிதான் படுக்கிறானாம். அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை மதியம், உனக்கு வகுப்பு இல்லாத நேரம், அவன் அந்த ஜன்னலில் நின்று வெள்ளைத் துண்டை ஆட்டுவான். நீ மேலேயிருந்து பார். இத்தனை பேருக்குப் பட்டம் செய்து கொடுத்தவனுக்கு, ஒரு அப்பாவைச் செய்து காட்டத் தெரியாதா?

அந்த ஒரு பக்கம் இருக்கிறது இல்லையா, தண்டனை யாருக்காக என்று. முடிந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

அப்பா

*

ஜூலை 27

அன்புள்ள அப்பா,

பக்கத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். புரியாத இடத்தில் கோடு போடுங்கள், நானும் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மேட்டின் விளிம்பில் போய் நின்றேன். ஜன்னலில் துண்டு தெரிந்தது. பட்டதாரி மாமா நன்றாகத்தான் செய்தார், நீங்கள் தலையைச் சாய்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்துக்கூடக் காட்டினார்.

ஆனால் வலது கையால் ஆட்டினார். நீங்கள் இல்லை என்று அத்தனை தூரத்திலும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் நானும் கையை ஆட்டினேன். துண்டு உள்ளே போகிறவரை அங்கேயே நின்றேன்.

உங்கள் கண்டக்டர்